17 பேர், ஒரு யாப்பு, ஒன்பதாம் பிரிவு: பறக்கத் தடை போடும் அதிகாரம் நமக்கு வேண்டுமா?

தாழங்குடா_காற்று
வெள்ளி, இரவு 9.10

மட்டக்களப்பு முதல் கல்முனை வரை ரேடியோ விமானமும் ட்ரோனும் பறக்கவிடுகிறவர்கள் இப்போது 17 பேர் இருக்கிறோம். வேளாண்மை வெட்டிய வயலில், கச்சான் காற்று எழும்புவதற்கு முன்னர், ஞாயிறு காலையில் கூடுவோம். நான்கு ஆண்டுகளாக ஒரு வாட்ஸ்அப் குழுவைத் தவிர நமக்கு வேறு அமைப்பு இல்லை. இப்போது சங்கமாகப் பதிவு செய்ய இறங்கியிருக்கிறோம். நிலம் கேட்டுப் பிரதேச செயலகத்துக்குப் போனால், தலைவர் யார், செயலாளர் யார், முத்திரை எங்கே என்றுதான் முதலில் கேட்கிறார்கள். வாட்ஸ்அப் குழுவுக்கு முத்திரை கிடையாது.

சங்கத்தின் விதிகளான யாப்பின் முதல் எட்டுப் பிரிவுகளும் ஒரு தேநீர் ஆறுவதற்குள் நிறைவேறிவிட்டன. ஒன்பதாவதில் இரண்டு ஞாயிறுகள் போய்விட்டன. வரைவு இது: "பாதுகாப்பு விதிகளை மீறும் உறுப்பினரைப் பறக்கவிடாமல் தடுக்க நிருவாக சபைக்கு அதிகாரம் உண்டு."

இந்தப் பிரிவு வானத்திலிருந்து விழவில்லை. ட்ரோன் விழுந்ததால் வந்தது. ஒரு மாதத்துக்கு முன்னர் நம்மில் ஒருவர், ஒரு கோயில் திருவிழாவில் தேர் இழுக்கும் கூட்டத்தின் தலைக்கு மேல் படம் எடுத்தார். பற்றரி இறங்கி, மரத்தில் மோதி, கூட்டத்தின் ஓரத்தில் விழுந்தது. ஒருவருக்கும் காயம் இல்லை. கச்சான் (நிலக்கடலை) விற்கும் ஒரு கடையின் கூரைப் படங்கு மட்டும் கிழிந்தது. அவர்தான் நம்மில் பாதிப் பேருக்குச் சோல்டர் பிடிக்கக் கற்றுக்கொடுத்தவர் என்பது இன்னொரு சங்கடம்.

இந்த அதிகாரம் வேண்டுமா, வேண்டாமா? வேண்டுமென்றால் யார் கையில்?

---

வட்டவிதானை_பேரன்
வெள்ளி, இரவு 10.02

தம்பி, இது வாவிக்கு மேற்கே உள்ள படுவான்கரைக்குப் பழைய கேள்வி. என் அம்மப்பா நவகிரிக் குளத்துத் தண்ணீர் பாயும் வயற்கண்டம் ஒன்றில் வட்டவிதானையாக, அதாவது தண்ணீர் முறையையும் வேலியையும் பார்க்கும் பொறுப்பாளராக, இருந்தார். வட்டவிதானையைத் தெரிவு செய்கிறவர்கள் அதே கண்டத்தில் வயல் செய்கிறவர்கள். கூலியும் அவர்கள் அளந்து கொடுக்கும் நெல்தான். ஆனால் வாய்க்காலை வெட்டாதவனுக்கும், முறை மாறித் தண்ணீர் திருப்பியவனுக்கும், வேலி அடைக்காமல் மாடு விட்டவனுக்கும் எதிராக நிற்க வேண்டியவரும் அவர்தான். யார் கை உயர்த்தி அவரைத் தெரிவு செய்தார்களோ அவர்களுடைய வாய்க்காலையே அடைக்க வேண்டும்.

ஒரு போகத்தில் அம்மப்பா சொந்த மைத்துனரின் வாய்க்காலை அடைத்தார். அடுத்த போகத்தின் ஆரம்பக் கூட்டத்தில் அவருடைய பெயரை யாரும் முன்மொழியவில்லை. மைத்துனர் நல்லவர் என்பதால் அல்ல. மைத்துனருக்கு உறவுக்காரர் அதிகம் என்பதால்.

வாக்குப் போட்டவனுக்கே தண்டனை கொடுக்க வேண்டியவனைப் படைக்கிறீர்கள். படையுங்கள், ஆனால் தெரிந்துகொண்டு படையுங்கள்.

---

ஒற்றைச்சிறகு
வெள்ளி, இரவு 10.40

எனக்கு விளங்கவே இல்லை. பொழுதுபோக்குக்காக ஒரு ரெஜிஃபோம் விமானத்தைப் பறக்கவிடுகிறோம். அதற்குத் தலைவர், உபதலைவர், போசகர், இப்போது பொலிஸ். மரண உதவிச் சங்கம், விளையாட்டுக் கழகம், கோயில் நிருவாக சபை என்று ஒரு மனிதன் எத்தனை கூட்டத்தில் உட்காருவது?

அமெரிக்காவில் 1982இல் ஒரு விதி கொண்டுவந்தார்கள், 103ஆம் பகுதி. மனிதனே ஏறிப் பறக்கும் இயந்திர விமானம், ஒற்றை இருக்கை, வெற்று எடை 254 இறாத்தலுக்குக் குறைவு என்றால் அனுமதிப்பத்திரமும் வேண்டாம், பதிவும் வேண்டாம். சங்கத்தில் சேரவும் தேவையில்லை. அங்கே மனிதனே பறக்கிறான். நாம் பறக்கவிடுவது பொம்மை.

---

களுவாஞ்சி_ரீச்சர்
வெள்ளி, இரவு 11.15

தம்பி, அந்த 103ஆம் பகுதியைக் கடைசி வரை வாசித்தீர்களா? நெரிசலான ஊரின் மேலும், திறந்த வெளியில் கூடியிருக்கும் மக்களின் மேலும் பறக்கக் கூடாது என்று அதே விதியில் இருக்கிறது. அனுமதிப்பத்திரம் கேட்காத விதிகூட தேர்த்திருவிழாவைத் தடுத்திருக்கும்.

இன்னொன்று. பொம்மை என்று நீங்கள் சொல்கிறீர்கள். கீழே நிற்கிறவருக்கு அது பொம்மை என்று எப்படித் தெரியும்? எங்கள் தலைமுறைக்கு வானத்தில் இரைச்சல் கேட்டால் கால் தானாகவே பங்கரைத் தேடும். 2019 ஏப்ரலில் மட்டக்களப்புத் தேவாலயத்தில் குண்டு வெடித்ததைச் சொல்லத் தேவையில்லை. அந்த வாரமே நாடு முழுவதும் ட்ரோன் பறப்பதற்குத் தடை வந்தது. ஒருவர் செய்கிற பிழைக்கு 17 பேரும் வீட்டில் உட்கார வேண்டி வரும் என்பதற்கு இதைவிட என்ன சான்று வேண்டும்? ஒன்பதாம் பிரிவு அந்த ஒருவருக்கு எதிரானது என்று ஏன் நினைக்கிறீர்கள்? மற்ற 16 பேருக்கான குடை அது.

---

மெல்பேண்_மட்டுநகரான்
சனி, காலை 5.20

ரீச்சர் சொன்னதோடு உடன்படுகிறேன். ஆனால் குடையை யார் பிடிக்கிறார் என்பதுதான் இங்கே கேள்வி. நான் அவுஸ்திரேலியாவில் இரண்டு இருக்கை இலகு விமானம் ஓட்டுகிறேன். அந்த நாட்டுக் கதையைச் சற்று நீட்டிச் சொல்ல அனுமதியுங்கள். இந்த விடயத்தில் அவர்கள் பட்ட பாடு நமக்குப் பயன்படும்.

1970களில் அங்கே கொல்லைப்புறத்தில் விமானம் கட்டிப் பறந்தவர்களுக்கு அரசாங்கம் போட்ட விதி: 300 அடிக்கு மேலே போகாதே, பொது வீதியைக் கடக்காதே, மற்றபடி உன் பாடு. கேட்க நல்ல சுதந்திரம்தான். ஆனால் 300 அடியில் எஞ்சின் நின்றால் இறங்குவதற்கு ஒரு வெளியைத் தேட நேரம் இருக்காது. பாதுகாப்புக்காகப் போட்ட உயரக் கட்டுப்பாடே ஆளைக் கொல்லக்கூடியது. விதி எழுதியவர்களுக்கு அந்த விமானங்களைப் பற்றித் தெரியாது. தெரிந்தவர்களுக்கு விதி எழுதும் இடத்தில் நாற்காலி இல்லை.

அதனால்தான் பறக்கிறவர்களே 1983இல் ஒரு சம்மேளனம் தொடங்கினார்கள். 2004இல் அது ரெக்ரியேஷனல் ஏவியேஷன் அவுஸ்திரேலியா என்று பெயர் மாறியது. அரசின் விமானப் பாதுகாப்பு அதிகாரசபை தன் வேலையில் ஒரு பங்கை இந்தச் சங்கத்திடம் கொடுத்திருக்கிறது. விமானத்தைப் பதிவு செய்வதும், ஓட்டுநர் சான்றிதழ் கொடுப்பதும், பயிற்சிப் பள்ளிகளை மேற்பார்ப்பதும் சங்கம்தான். உறுப்பினராக இல்லாமல் அந்தச் சான்றிதழில் பறக்க முடியாது. (அந்த அதிகாரசபையின் பெயரைச் சுருக்கினால் 'காசா' என்று வரும். சந்தா கட்டும் நாளில் அதைக் கேள்விக்குறியோடு உச்சரிப்பது நம்மவர் வழக்கம்.)

இதில்தான் வில்லங்கம். சந்தா கட்டுகிறவனுக்குச் சங்கம் தன் பக்கம் நிற்க வேண்டும் என்ற எண்ணம். அரசுக்கோ சங்கம் தன் கையாக இயங்க வேண்டும் என்ற எண்ணம். 2012 அளவில் அரசு அதிகாரசபை கணக்காய்வு செய்தபோது, விமானப் பதிவுக் கோப்புகளில் இருக்க வேண்டிய ஆவணங்கள் பலவற்றில் இல்லை என்று தெரிந்தது. பல விமானங்களின் பதிவைப் புதுப்பிக்க முடியாமல், ஓடக்கூடிய விமானங்கள் கொட்டகையில் நின்றன. உறுப்பினர்கள் கொதித்தார்கள். நான் பறக்கத் தொடங்கியது அதற்குப் பிறகுதான், ஆனாலும் பழையவர்கள் தேநீர் வேளையில் இன்றும் அதைப் பற்றிச் சண்டை போடுவார்கள். யாரும் திருடவில்லை, யாரும் பொய் சொல்லவில்லை. பிராந்தியத்துக்கு ஒருவர் என்று நண்பர்கள் தெரிவு செய்த நண்பர்கள், 'அவனுடைய கோப்புத்தானே, பரவாயில்லை' என்ற போக்கில் ஓடியது என்பது அவர்கள் சொல்லும் விளக்கம்.

பிறகு சங்கம் உத்தரவாதத்தால் வரையறுக்கப்பட்ட கம்பனியாக மாறியது. பெரிய நிருவாகக் குழு சிறியதாகியது. 2019இல் 149ஆம் பகுதி என்ற விதி வந்தது. தன்னைத் தானே நிருவகிக்கும் விமானச் சங்கங்களுக்கு என்றே எழுதப்பட்டது. அதன்படி பொறுப்புக் கூறும் முகாமையாளர் ஒருவர், பாதுகாப்பு முகாமையாளர் ஒருவர் என்று பெயர் குறித்து ஆட்கள் இருக்க வேண்டும். சங்கம் ஒருவருக்கு எதிராகத் தீர்மானித்தால் அதை மீளாய்வு செய்யக் கேட்கவும், அதற்கு மேல் சங்கத்துக்கு வெளியே உள்ள நியாயசபைக்குப் போகவும் வழி உண்டு.

உங்கள் வரைவில் 'நிருவாக சபைக்கு அதிகாரம்' என்று இருக்கிறது. வாக்குக் கேட்கும் கையும் வாயிலை மூடும் கையும் ஒன்றாகவே இருக்கின்றன. எனக்கு உறுத்துவது அந்த இடம்.

---

வட்டவிதானை_பேரன்
சனி, காலை 6.45

அண்ணா, 300 அடிக் கதைக்கு நன்றி. 1958 நெற்காணிச் சட்டத்தில் பயிர்ச்செய்கைக் குழுக்கள் வந்தபோது வீட்டில் பேசிய பேச்சும் இதுதான். அதிகாரம் விதானை ஒருவன் கையில் இருந்தால் அவன் போடியாருக்கு, அதாவது பெரிய வயற்காரருக்கு, வளைவான். குழுவின் கையில் இருந்தால் குழு முழுவதும் வளையும்.

---

கல்முனைக்_கணக்கர்
சனி, முற்பகல் 11.30

மெல்பேண் நானா, பயனுள்ள பதிவு. நான் கணக்கு வேலை செய்கிறவன். பள்ளிவாசல் நம்பிக்கையாளர் சபை, கூட்டுறவுச் சங்கம், கடற்றொழிலாளர் சங்கம் என்று பல இடங்களில் கணக்குப் பார்த்திருக்கிறேன். ஒரே ஒரு விடயத்தை மட்டும் சொல்கிறேன்.

சங்கம் எதற்காக இருக்கிறது என்று உறுப்பினரைக் கேட்டால் நட்பு, ஆர்வம் என்பார்கள். உண்மையில் ஆட்களைச் சேர்த்து வைத்திருப்பது பெரும்பாலும் காப்புறுதி. அமெரிக்காவில் ஹேங்கிளைடரிலும் பராகிளைடரிலும் பறக்கிறவர்களின் சங்கத்துக்கு 2015இல் காப்புறுதி கிடைக்காமல் போகும் நிலை வந்தது. மூன்றாம் ஆளுக்கான காப்புறுதி இல்லையென்றால் மலை உச்சியின் சொந்தக்காரர் அங்கே ஏற விடமாட்டார். உறுப்பினர்கள் தங்களுக்குள் இருபது இலட்சம் டொலருக்கு மேல் திரட்டி, 2016இல் தங்களுக்கென்று ஒரு காப்புறுதி நிறுவனத்தையே தொடங்கினார்கள். அதற்குப் பிறகு ஒருவன் கண்மூடித்தனமாகப் பறந்தால் நட்டம் எங்கோ இருக்கும் கம்பனிக்கு அல்ல, பக்கத்தில் நிற்கும் நண்பனுக்கு. தடை போடும் அதிகாரத்தைப் பற்றி அங்கே யாரும் தத்துவம் பேசியிருக்க மாட்டார்கள் என்று நினைக்கிறேன்.

நமக்கு அந்தப் படங்குக்கு யார் பணம் கொடுத்தது? சங்கமாகப் பதிவு செய்த அடுத்த நாள் ட்ரோன் ஒரு பிள்ளையின் தலையில் விழுந்தால், கடிதத் தலைப்பில் பெயர் உள்ளவர்களைத்தான் தேடி வருவார்கள். தலைவராக ஆசைப்படுகிறவர்கள் இதை இரண்டு முறை வாசியுங்கள்.

---

ஒற்றைச்சிறகு
சனி, நண்பகல் 12.05

இதைத்தான் நானும் சொன்னேன். சங்கம் வந்தால் பொறுப்பும் வரும். சங்கமே இல்லையென்றால் படங்கு அவனுடைய பிரச்சினை.

அதுபோக, இந்த நாட்டில் சங்கங்கள் எப்படி நடக்கின்றன என்று தெரியாதா? 2023 ஜனவரியில் ஃபிஃபா நமது காற்பந்துச் சம்மேளனத்தை இடைநிறுத்தியது. அதே ஆண்டு நவம்பரில் ஐசிசி கிரிக்கெட் நிறுவனத்தை இடைநிறுத்தியது. பந்து விளையாட்டுக்கே இந்தக் கதி.

---

களுவாஞ்சி_ரீச்சர்
சனி, பிற்பகல் 2.20

இரண்டும் வெளியார் தலையீட்டுக்காக வந்த இடைநிறுத்தங்கள், தம்பி. உள்ளே ஒழுங்காக நடத்தாதபோது வெளியே இருந்து கை நீள்கிறது, கை நீண்டால் மேலிருந்து இடைநிறுத்துகிறார்கள். உங்கள் உதாரணம் என் கட்சிக்கு வாக்களிக்கிறது.

---

நெறியாளர்
சனி, பிற்பகல் 2.40

கோயிலின் பெயரைக் குறிப்பிட்ட இரண்டு பதிவுகளை நீக்கியிருக்கிறேன். தேர் யாருடையது என்பது இந்த இழைக்குத் தேவையில்லை.

---

பழுதுபார்ப்பவன்
சனி, இரவு 8.55

அந்த ட்ரோன் என்னுடையது.

படங்குக்கு நான்தான் பணம் கொடுத்தேன், அன்று இரவே. கணக்கர் கேட்டதால் சொல்கிறேன். திருவிழாவில் பறந்தது பிழை. கோயில்காரர் ஒருவர் கேட்டார், தேரின் முடி மேலிருந்து தெரிவது எனக்கும் ஆசையாக இருந்தது, பறந்தேன். பற்றரி அளவைப் பார்க்காமல் இன்னொரு சுற்று என்று போனது அதைவிடப் பிழை. இதில் எனக்கு வாதம் இல்லை.

எனக்கு வலிப்பது வேறு. இரண்டு ஞாயிறாக, நான் வருவதற்கு முன்னர் என்னைப் பற்றிப் பேசுகிறீர்கள். நான் மோட்டார் சைக்கிளை நிறுத்தியதும் மழை வருமா என்று பேசுகிறீர்கள். ஒருவராவது 'அண்ணா, அன்றைக்கு என்ன நடந்தது' என்று கேட்கவில்லை.

உத்தேச நிருவாக சபையில் ஐந்து பேர். அவர்களில் மூன்று பேருடைய விமானங்கள் இப்போது என் மேசையில் திருத்த வேலைக்குக் கிடக்கின்றன. அவர்கள் எனக்கு எதிராகக் கை உயர்த்த மாட்டார்கள். நான்காமவருக்கும் எனக்கும் பற்றரி வாங்கிய கணக்கில் ஒரு வருடமாகப் பேச்சு இல்லை. அவர் இரண்டு கையையும் உயர்த்துவார். ஐந்தாமவர் என் மச்சான். இந்த ஐந்து பேரில் எனக்கு யார் நியாயம் தருவது? எனக்குச் சாதகமாகத் தீர்த்தாலும் அது நியாயம் இல்லை என்பது எனக்கே தெரியும்.

---

மெல்பேண்_மட்டுநகரான்
ஞாயிறு, காலை 4.50

அண்ணா, இந்த இழையிலேயே உருப்படியான பதிவு உங்களுடையதுதான்.

நான் முன்பு சேர்ந்திருந்த ஒரு சிறிய கழகத்தில், பெயர் வேண்டாம், ஒருவரை ஆறு மாதம் தரையில் இருத்தினார்கள். என்ன பிழை என்று எழுத்தில் கொடுக்கவில்லை. எப்போது முடியும் என்றும் சொல்லவில்லை. அவர் கேட்டால் 'அடுத்த கூட்டத்தில் பார்ப்போம்' என்பார்கள், அடுத்த கூட்டத்துக்குக் கோரம், அதாவது வர வேண்டிய குறைந்தளவு ஆட்கள், இருக்காது. முடிவில் அவர் விமானத்தை விற்றுவிட்டு மீன்பிடிக்கப் போனார். அவர் மேல் பிழை இருந்தது, நான் மறுக்கவில்லை. ஆனால் அதற்குப் பிறகு அந்தக் கழகத்தில் ஒருவரும் தங்கள் தவறைத் தாங்களாகச் சொல்லவில்லை. சில்லு வளைந்தாலும் இரவோடு இரவாக நிமிர்த்திவிடுவார்கள். பறக்கிறவர்கள் தவறை மறைக்கத் தொடங்கினால் எந்த விதிப்புத்தகமும் உதவாது.

---

வட்டவிதானை_பேரன்
ஞாயிறு, காலை 7.30

ஒரு யோசனை. களத்தில் அன்றைய பொறுப்பாளர் என்று ஒருவர் இருக்கட்டும், வாரத்துக்கு ஒருவர் முறை வைத்து. அவர் 'இன்று இறக்கு' என்றால் இறக்க வேண்டும். தலைவராக இருந்தாலும் சரி. காற்றும் ஆட்களும் நிற்கும் இடமும் அவர் கண்ணுக்கு முன்னால் இருக்கின்றன. ஆனால் அந்தச் சொல்லின் ஆயுள் அன்று மாலை வரைதான். அதற்கு மேல் ஒருவரை நிறுத்த வேண்டுமென்றால் வேறு மூன்று பேர் இருந்து விசாரிக்கட்டும், நிருவாக சபையில் இல்லாதவர்கள்.

---

கல்முனைக்_கணக்கர்
ஞாயிறு, காலை 9.10

மூன்று பேர் என்பதை ஏற்கிறேன். 17 பேருக்குள் உறவும் கடனும் இல்லாத மூன்று பேரைத் தேடுவது கடினம். ஆகவே மட்டக்களப்புப் பக்கத்துப் பிரச்சினையைக் கல்முனைப் பக்கத்தவர்கள் விசாரிக்கட்டும், எங்கள் பிரச்சினையை அங்குள்ளவர்கள். ஒரு பாலத்துக்கு அந்தப் பக்கம் இருந்தாலே பாதி நடுநிலை வந்துவிடும்.

பணம் தொடர்பாக ஒரு சொல்: அபராதம் வேண்டாம். அபராதம் வருமானமாகத் தெரியத் தொடங்கிய சங்கங்களின் பேரேடுகளை நான் பார்த்திருக்கிறேன்.

---

ஒற்றைச்சிறகு
ஞாயிறு, முற்பகல் 10.00

பழுதுபார்ப்பவன் அண்ணாவையே பாதுகாப்புப் பொறுப்பாளராகப் போட்டால் என்ன? அனுபவப்பட்டவர்.

---

பழுதுபார்ப்பவன்
ஞாயிறு, முற்பகல் 10.04

வேண்டாம். எனக்கு விசாரணைதான் வேண்டும்.

---

தாழங்குடா_காற்று
ஞாயிறு, மாலை 6.30

அண்ணா, முதலில் உங்களிடம் மன்னிப்புக் கேட்கிறேன். முதற்பதிவை எழுதுவதற்கு முன்னர் உங்களை ஒரு முறை அழைத்திருக்க வேண்டும். வெட்கமாக இருக்கிறது.

எல்லோரும் சொன்னதை வைத்து ஒன்பதாம் பிரிவைத் திருத்தி எழுதியிருக்கிறேன். அடுத்த ஞாயிறு வாக்கெடுப்பு.

"களத்தின் அன்றைய பொறுப்பாளர் எந்த உறுப்பினரையும் அன்றைய பொழுதுக்கு இறக்கலாம். அதற்கு மேற்பட்ட தடையை, நிருவாக சபையில் இல்லாத, சம்பவம் நடந்த பக்கத்தைச் சேராத மூவர் மட்டுமே விதிக்கலாம். உறுப்பினரை நேரில் கேட்ட பிறகே முடிவெடுக்க வேண்டும். காரணமும் தடை முடியும் திகதியும் எழுத்தில் இருக்க வேண்டும். உறுப்பினர் ஏற்காவிட்டால் பொதுக்கூட்டத்திடம் முறையிடலாம். தன் தவறைத் தானே அறிவித்தவருக்கு முதல் முறை தடை இல்லை, மக்கள் கூட்டத்தின் மேல் பறந்திருந்தாலன்றி."

திமிலதீவு விமான நிலையத்தின் பக்கம் யாரும் பறக்கவிடக் கூடாது என்பதைத் தனிப் பிரிவாகப் போட்டிருக்கிறேன். அதில் யாருக்கும் விவாதம் இருக்காது என்று நம்புகிறேன்.

---

களுவாஞ்சி_ரீச்சர்
ஞாயிறு, மாலை 7.05

கடைசி வாக்கியத்தில் 'பறந்திருந்தாலன்றி' என்பது குழப்புகிறது. 'மக்கள் கூட்டத்தின் மேல் பறந்தவருக்கு இந்தச் சலுகை இல்லை' என்று நேராக எழுதுங்கள். மற்றவை சரி. பொதுக்கூட்டத்தில் முறையீடு என்றால் மறுபடியும் உறவுக்காரரை எண்ணும் கதைதான், ஆனால் 17 பேருக்கு நியாயசபையா கட்டுவது?

---

தாழங்குடா_காற்று
ஞாயிறு, இரவு 8.15

திருத்திவிட்டேன், ரீச்சர். கணக்கர் நானா, யாப்பு நிறைவேற மொத்த உறுப்பினரில் மூன்றில் இரண்டு வேண்டுமல்லவா, 11 பேர் போதுமா? வருவதாகச் சொன்னவர்கள் இதுவரை சரியாக 11.

---

கல்முனைக்_கணக்கர்
ஞாயிறு, இரவு 8.22

17இல் மூன்றில் இரண்டு 11.33. ஆகவே 12 வேண்டும். பழுதுபார்ப்பவனையும் சேர்த்துத்தான் 17. அவருக்கும் வாக்கு உண்டு, தடை இன்னும் பிறக்கவே இல்லை.

---

பழுதுபார்ப்பவன்
ஞாயிறு, இரவு 8.40

ஆறு மணிக்கு வருகிறேன். என் மேசையில் கிடக்கும் மூன்று விமானங்களும் வாக்கெடுப்பு முடியும் வரை அப்படியே கிடக்கும்.